சமூகவியல் ஏலம் போன நாள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சமூகவியல் படிக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா கேட்ட முதல் கேள்வி, "அது என்ன வெலைக்குப் போகுது?" என்பதுதான். கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் கேரட்டும் பூண்டும் போடுகிறவர் அவர். எதைச் சொன்னாலும் விதை, உரம், ஆள்கூலி, லாரி வாடகை, கமிஷன் என்று கழித்துவிட்டு மிச்சம் என்ன என்றுதான் யோசிப்பார். மதுரைக் கல்லூரிக் கட்டணம், விடுதிச் சாப்பாடு, பஸ் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "மூணு வருசத்துப் பயிரு. நடுவுல பனி விழுந்தா என்ன பண்ண?" என்றார். கல்லூரிக்குள் பனி விழாது என்றேன். அவர் நம்பவில்லை.

எனக்கு ஜனங்களை வேடிக்கை பார்ப்பதென்றால் உயிர். கொடைக்கானல் ஏரிக்கரையில் புதுமாப்பிள்ளை குதிரைக்காரரிடம் பேரம் பேசும் லட்சணத்தை வைத்தே அந்தக் குடும்பம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுவேன். இதற்குப் பட்டம் வேறு தருகிறார்கள் என்று தெரிந்ததும் மண்டையில் வேறெதுவும் ஏறவில்லை. ஊரே கம்ப்யூட்டர் படிக்கச் சொன்னது. அம்மா மட்டும், "வெலை தெரிஞ்சுதான் வருசாவருசம் பூண்டு போடுறீங்களோ?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கட்டணத்துக்கு ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டி முதலாளியிடம்தான் முன்பணம் வாங்க வேண்டும். அடுத்த விளைச்சலையும் அவர் மண்டிக்கே கொண்டுவருகிறேன் என்று சொல்லி வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் கைவிரித்தால் நான் ஏதாவது ஓட்டல் வாசலில் நின்று சுற்றுலா வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டியதுதான். ஆகவே, பணம் கிடைத்தால் அப்படியே மதுரைக்குப் போய்க் கட்டிவிடலாம் என்று கேரட் லாரியில் நானும் ஏறினேன். பழனி மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் என் எதிர்காலம் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது.

மண்டியில் எங்களுக்கு முன்னால் வந்த சரக்குகள் ஏலத்தில் போய்க்கொண்டிருந்தன. எங்கள் முறை வரும்வரை அங்கேயும் வேடிக்கை பார்த்தேன். ஏலம் ஓய்ந்த நேரம் பார்த்து அப்பா விஷயத்தைச் சொன்னார்.

"சமூகவியலா? அது என்ன சரக்குங்கண்ணே?" என்றார் முதலாளி.

"தெரியலீங்க. அதான் வெலை விசாரிச்சுட்டுப் போவோம்னு புள்ளையக் கூட்டியாந்தேன்."

முதலாளிக்குக் குஷி வந்துவிட்டது. கூடியிருந்த வியாபாரிகளைப் பார்த்து, "ஏம்ப்பா, இந்தப் புள்ள மூணு வருசம் படிச்சிட்டு வந்தா மாசச் சம்பளம் என்ன குடுக்கலாம்? கேளுங்க!" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அப்பா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நிஜ ஏலத்துக்கு நிற்பது மாதிரியே நின்றார்.

"மாதிரி பாக்காம எப்பிடிக் கேக்குறது? மூட்டையப் பிரிச்சுக் கொட்டிக் காட்டச் சொல்லுங்க" என்றார் ஒரு மீசைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"காட்டுறேன். வந்ததுல இருந்து பாக்குறேன், இங்க நீங்கதான் சத்தமா வெலை கேக்குறீங்க. ஆனா ஒரு மூட்டையும் எடுக்கல. அந்தா, செவத்தோரமா பேசாம நிக்கிறாரே கேரளாக்காரரு, அவருதான் அம்புட்டையும் எடுத்துருக்காரு. நீங்க கேக்குறது நாலு பேரு பாக்குறதுக்குத்தான்."

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மீசைக்காரர் முகம் பீட்ரூட் ஆனது.

"யாரு எடுக்கல? ரெண்டாயிரம்!"

"மூவாயிரம்" என்றார் கேரளாக்காரர், சும்மா சீண்டிப் பார்க்க.

"நாலாயிரம்!"

"அஞ்சு."

"எட்டாயிரம்!" என்று மீசைக்காரர் அலறினார். கேரளாக்காரர் சிரித்துக்கொண்டே விலகிக்கொண்டார். இருவருக்கும் அது என்ன படிப்பென்று கடைசிவரை தெரியாது. பின்னாளில் பட்டத்தோடு ஒரு தொண்டு நிறுவனத்தில் வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில் சேர்ந்தேன். இதில் பாதிகூடத் தரவில்லை. முழுச் சரக்கைவிட மாதிரிக்கு அதிக விலை கிடைத்த ஒரே படிப்பு என்னுடையதாகத்தான் இருக்கும்.

முதலாளி மூன்று தரம் சொல்லி முடித்தார். "மண்டி வழக்கம் தெரியும்ல? ஏலத்துல எடுத்தவரு சரக்க எடுத்தே ஆகணும். மூணு வருசம் கழிச்சு இந்தப் புள்ள ஒம்ம கடைக்கு வரும், எட்டாயிரம் சம்பளம்" என்றதும் மீசைக்காரர் மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தார். முதலாளி அப்பா பக்கம் திரும்பினார். "நல்ல வெலைண்ணே. முடிச்சிருவமா?"

அப்பாவின் எந்த விளைச்சலுக்கும் அப்படி ஒரு விலை வந்ததில்லை. வாயெல்லாம் பல்லாக இருப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் இறுகிக் கிடந்தது.

"குடுக்க மாட்டேங்க."

"இன்னும் கொஞ்சம் ஏத்தணுமா?"

"எம்புட்டுக்கும் குடுக்க மாட்டேன். அவருக்கும் இல்ல, ஒருத்தருக்கும் இல்ல. படிச்சு முடிச்சிட்டு அது அதுக்குப் புடிச்ச சோலியப் பாக்கட்டும்."

"அப்புறம் எதுக்குண்ணே வெலை கேட்டீங்க?"

அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது, அத்தனை பேருக்கு முன்னால் அடக்கிக்கொண்டேன். முதலாளி அதற்குமேல் எதுவும் கேட்காமல் முன்பணத்தை எடுத்து நீட்டினார். அப்பா வாங்கி, எண்ணாமலே என் கையில் திணித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, ஒங்க கேரட்டு இன்னும் ஏலத்துக்கே வரல. இருந்து பாத்துட்டுப் போங்க!" என்று முதலாளி கத்தினார்.

"வர்ற வெலைக்குப் போட்டு விடுங்க" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே. "மதுர பஸ்சு போயிரும்."