வயிறு நிறைந்த பிள்ளைகள்

விடியுமுன்னே எங்கள் குடிசையில் சீலா மீன் குழம்பு கொதித்த வாசம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. விற்கிற மீனை அம்மா வீட்டுச் சட்டியில் போட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளே, உங்கள் அத்தையின் படிப்பு நின்றுபோன கதை அங்கேதான் தொடங்குகிறது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, பாம்பன் கரையில் இருந்த எங்கள் பள்ளியில் மத்தியானம் இலவசச் சோறு போட்டார்கள். எங்கள் வீட்டில் ராத்திரி மட்டும்தான் உலை ஏறும். அக்கா பள்ளித் தட்டில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்துவிடுவாள். அந்தச் சோறு இருந்ததால்தான் அம்மா அவளைப் படிக்க விட்டாள்.

சாப்பாடு எப்படி நடக்கிறது என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாக வாத்தியார் சொல்லிவிட்டார். அதற்குத்தான் அந்தக் குழம்பு.

"என்னக்கா, விடியமுன்ன விருந்து? மாப்பிள்ள வாராகளா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சித்தி.

"ஆப்பீசர் வாராருடி! ஒன் வீட்டுலயுந்தான் மணக்குது, என்னையக் கேக்க வந்துட்ட" என்று சிரித்த அம்மா, எங்கள் பக்கம் திரும்பினாள். "அவுக முன்னால அள்ளி அள்ளித் தின்னு என் மானத்த வாங்கிறாதீக. கடக்கரைப் புள்ளைக பரதேசிகன்னு நெனச்சிருவாக."

மத்தியானம் ஒரு பிள்ளையும் தட்டைக் காலி செய்யவில்லை. அதிகாரி அக்காவின் அருகில் குனிந்து, "ஏம்மா சாப்பிடலை?" என்று கேட்டார். "வயிறு நெறஞ்சிருக்கு சார்" என்றாள் அவள், நிமிர்ந்து. கெட்ட மனிதரில்லை அவர். தட்டைப் பார்க்கத்தான் வந்தார், பார்த்துவிட்டுப் போனார்.

வாடைக் காற்று எழும்பி, கடலுக்குப் போக முடியாமல் வள்ளங்கள் கரையேறிய நேரத்தில் பள்ளி அடுப்பு அணைந்தது. மீன் தின்கிற பிள்ளைகளுக்கு இது தேவையில்லையாம். மழையில்லாத கடலாடிப் பக்கத்துக்குக் கொடுக்கிறார்களாம். அம்மா பள்ளிக்கு ஓடினாள். "அன்னைக்கி ஒரு நாளுதான் சாமி புள்ளைகளுக்கு வயிறு நெறஞ்சுச்சு" என்று அழுதாள். "அதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா" என்றார் வாத்தியார்.

கருவாடு காயப்போடும் இடத்தில் வேலைக்கு வரும் பெண்களுக்கு மத்தியானம் கஞ்சி ஊற்றுவார்கள். அம்மா அக்காவை அங்கே கொண்டுபோய் விட்டாள். ஆண்பிள்ளை என்று என்னைப் பள்ளியிலேயே விட்டுவைத்தாள். அக்கா பாதியில் நின்ற பாடப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பல வருஷம் கழித்து ஒரு காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்குக் கிளம்பி நின்ற அவள் மகள் தேம்பிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துச் சோத்தப் பாக்க இன்னைக்கி ஆளு வாராகளாம். நேத்து ராத்திரியிலருந்தே இவளுக்கு ஒண்ணும் குடுக்கல" என்றாள் அக்கா.

அடுப்பில் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது. அக்கா அதன்மேல் மூடியை இறுக்கி வைத்தாள்.

"நல்லாப் பசிக்கட்டும்லே தம்பி. அவுக பாக்கட்டும்."