ஸ்ரீகுமார் காட்டிக் கொடுக்காத பாரு

செங்கலிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் எட்டேகால் பஸ்ஸில் ஸ்ரீகுமாரை எல்லாருக்கும் தெரியும். தாலுகா ஆபீஸில் சர்வேயர். ஐம்பத்திரண்டு வயது. மற்றவர்கள் போனில் செய்தியோ சினிமாவோ பார்த்துக்கொண்டு வரும்போது அவர் மட்டும் காற்று எந்தப் பக்கம், அலை எத்தனை மீட்டர் என்று பார்த்துக்கொண்டு வருவார். நான் கோர்ட்டுக்கு எதிரில் போட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவன். அவருக்குப் பக்கத்து சீட்டில் பதினோரு வருஷம் உட்கார்ந்து வந்ததால் இந்தக் கதையை அவர் வாயிலிருந்தே, துண்டு துண்டாகக் கேட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீகுமார் மீன் சாப்பிடமாட்டார். சைவக் குடும்பம். அப்பா சிவானந்தம் பிள்ளை ரெவின்யூ குமாஸ்தாவாக இருந்தவர். வீட்டில் முட்டை கூட ஏறியதில்லை. மனைவி ஆனந்தலட்சுமி அவர் கடலுக்குப் போட்டுப்போகும் சட்டையைத் தனி வாளியில்தான் நனைப்பாள். "தின்னாத மீன எதுக்குப் பிடிக்கியீரு?" என்று அவள் கேட்காத மாதம் கிடையாது. அவருக்கு மீன் ஒரு பொருட்டில்லை. கரையும் கண்ணுக்கு மங்கிப் போன இடத்தில், ஒரு அடையாளமும் இல்லாத தண்ணீருக்கு நடுவில், "இங்கதான்" என்று ஒருவர் வள்ளத்தை நிறுத்துகிறாரே, அதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

அப்படி நிறுத்தியவர் பொழியூர் மீனவர் பத்ரோஸ். பக்கத்து வீட்டுக்காரரோடு அவருக்கு எல்லைத் தகராறு. அளக்கப் போனது ஸ்ரீகுமார். எல்லைக்கல்லைக் காணவில்லை. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பள்ளி என்று அங்கே சொல்லும் சர்ச்சின் கிணற்றிலிருந்தும் ரோட்டு வளைவிலிருந்தும் அளந்து வந்து, ஒரு தென்னைக்கு அடியில் தோண்டச் சொன்னார். இரண்டடி மணலுக்குக் கீழே கல் இருந்தது. பத்ரோஸின் பங்கு முக்கால் சென்ட் குறைந்துதான் போனது. ஆனால் அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாறு கரையில செய்யியதத்தான் நாங்க கடலுல செய்யியோம்," என்று சாரைச் சாறாக்கிச் சொன்னார். "வாறியளா ஒரு நாளு?"

அடுத்த ரெண்டாம் சனிக்கிழமை ஸ்ரீகுமார் போனார்.

பொழியூரில் வள்ளம் இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. துறைமுகம் கிடையாது. அலை உடைகிற இடத்தைத் தாண்டும்வரை உயிர் கையில்தான். தாண்டிவிட்டால் ஒன்றரை மணி நேர ஓட்டம். பிறகு பத்ரோஸ் எஞ்சினைக் குறைத்து, கரைப் பக்கம் திரும்பி நின்று பார்ப்பார். பள்ளிக் கோபுரம் பின்னாலிருக்கும் மலையின் பிளவுக்கு நேராக வரவேண்டும். அதே சமயம் தெற்கே ஒரு மொபைல் டவர் மொட்டைப் பாறையின் இடது விளிம்பைத் தொடவேண்டும். இரண்டும் ஒன்றாகக் கூடுகிற இடத்துக்குக் கீழே பாரு கிடக்கிறது. கடலடிப் பாறைத்திட்டைத்தான் அங்கே பாரு என்பார்கள். சுற்றிலும் சேறும் மணலும்; நடுவில் ஒரு வீட்டு மனையளவு பாறை. கலவா மீன் அந்தப் பாறை இடுக்குகளில் குடியிருக்கிறது.

பத்ரோஸிடம் ஜிபிஎஸ் கருவி இல்லாமல் இல்லை. ஆழக்கடலுக்குப் போகும்போது கொண்டுபோவார். இந்தப் பாருவுக்குப் போகும்போது மட்டும் கரையில் வைத்துவிட்டு வருவார்.

"முந்தி ஒருக்கா அது கேடாச்சுதுன்னு கடையில நன்னாக்கக் கொடுத்தேன்," என்று சொன்னார். "திரிச்சு கையில கிட்டியப்போ அதுக்குள்ள இருந்த ரெண்டு பாருக்க எடமும் ஊரு முழுக்கப் போயிருந்துது. ஆறு மாசத்துல ரெண்டும் சுடுகாடு. இது ஒண்ணாக்கும் பாக்கி. மெஷினுல ஏறாத பாரு. சாறு ஆருட்டயும் பறையப்பிடாது. வீட்டுல கூட."

"பறைய மாட்டேன்," என்றார் ஸ்ரீகுமார்.

வள்ளத்தில் ஒரு மூடி போட்ட வாளி உண்டு. ஏறியவுடன் போனை அணைத்து அதில் போட்டுவிட வேண்டும். இரண்டு வருஷம் அப்படித்தான் போய்வந்தார். போகப் போக அலை தாண்டவும் எஞ்சின் பிடிக்கவும் பத்ரோஸ் அவரை விட்டார். தூண்டிலில் போதுமான அளவு மீன் கிடைத்ததும் திரும்பிவிடுவார்கள். நிறைய இருந்தாலும் நிறைய எடுப்பதில்லை.

ஸ்ரீகுமாருக்குக் கிடைக்கும் மீன் நேரே போவது பாறசாலைக்கு, ஜெயசிங் வீட்டுக்கு.

ஜெயசிங்கும் ஸ்ரீகுமாரும் தனுவச்சபுரத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஜெயசிங்குக்குப் பாறசாலையில் மொபைல் கடை. பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். ஸ்ரீகுமாரின் அப்பா மெடிக்கல் காலேஜில் கிடந்த பத்தொன்பது நாளும் இரவுக் காவல் இருந்தது ஜெயசிங்தான். ஸ்ரீகுமாரின் சொந்தத் தம்பி உமேஷ் இரண்டு நாள் வந்துவிட்டுப் போனான். கிறிஸ்துமஸுக்கு ஜெயசிங் வீட்டிலிருந்து முட்டை போடாத கேக் ஒன்று ஸ்ரீகுமார் வீட்டுக்கென்று தனியாகச் செய்து வரும். அப்படிப்பட்ட பழக்கம்.

"எலே, எங்கேருந்துலே இந்த சைஸ் கலவா?" என்று ஜெயசிங் மாதாமாதம் கேட்பார்.

"கடலுலேருந்து."

"கடலுல எங்க?"

"தண்ணிக்குள்ள."

இரண்டு வருஷமும் இதே பேச்சு, இதே சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஒரு பக்கத்தில் நின்றுபோனது ஸ்ரீகுமாருக்குத் தெரியவில்லை.

பிறகு ஜெயசிங்குக்கு நெஞ்சுவலி வந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு ஸ்ரீகுமாரின் கையைப் பிடித்துக் கேட்டார்: "மக்கா, ஒரு தடவ என்னக் கொண்டு போலே. எங்கேன்னு கேக்க மாட்டேன். சாவியதுக்கு முன்ன அந்த எடத்துல ஒரு தூண்டில் போடணும்."

மூன்று மாதம் கழித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஸ்ரீகுமார் பத்ரோஸிடம் கேட்டார்.

"ஆளு எப்பிடி?"

"எனக்க தம்பிக்க மேல."

"சாறு சொன்னா செரி."

ஜனவரி மாதம். கடல் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஜெயசிங் வள்ளத்தில் ஏறியவுடன் சொல்லாமலே போனை எடுத்து வாளியில் போட்டார். மணிக்கட்டில் கறுப்பு வாட்ச் ஒன்று இருந்தது. மகள் ஜிஜா மஸ்கட்டிலிருந்து வாங்கி அனுப்பியது; இதயத் துடிப்பைக் காட்டும். நோயாளி கட்டியிருக்கும் வாட்சை யார் சந்தேகப்படுவார்கள்? பாருவுக்கு மேல் வந்து நின்றதும் ஜெயசிங் அதை ஒரு முறை அழுத்தினார். "நெஞ்சு அடிக்கியது பாத்தேன்," என்று சிரித்தார். ஸ்ரீகுமாருக்கு அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்போது அவர் பயந்து, "வலிக்குதாலே?" என்று கேட்டார்.

அன்று ஜெயசிங்குக்குப் பதினோரு கிலோ கலவா ஒன்று கிடைத்தது. வள்ளத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பத்ரோஸுக்கே மனம் இளகி, வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம் காற்று எச்சரிக்கை. போகவில்லை. மார்ச்சில் போனார்கள்.

தூரத்திலிருந்தே பத்ரோஸ் எஞ்சினைக் குறைத்துவிட்டார். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். கோபுரமும் மலைப்பிளவும் இன்னும் கூடியிருக்கவில்லை. ஆனால் கூட வேண்டிய இடத்தில் ஏழு போட் நின்றன. விழிஞ்ஞம் பக்கத்து வள்ளங்கள் நாலு. பாக்கி மூன்றும் தூண்டில்காரர்களைக் கூட்டிவரும் வெள்ளை போட். பட்டணத்துப் பையன்கள் நீளக் கம்புகளோடு நின்றார்கள். யாரோ நங்கூரத்தைப் பாறையிலிருந்து இழுக்க முடியாமல் எஞ்சினை முடுக்கி இழுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அங்கே கலங்கியிருந்தது.

முன்னால் நின்ற போட்டில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருவர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"எலே ஸ்ரீயே! இஞ்ச வாலே! நல்ல கடிக்குது!"

ஜெயசிங். பக்கத்தில் அவருடைய அக்கா மகன் சஜன், அந்த வருஷம்தான் பூவாறிலிருந்து தூண்டில் டூர் நடத்தத் தொடங்கியவன்.

"அவன் ஒளிஞ்சிருந்தாக்கூட எனக்கு இத்தன வலிச்சிருக்காது," என்று ஸ்ரீகுமார் பஸ்ஸில் என்னிடம் சொன்னார். "கைய ஆட்டுனான். கல்யாண வீட்டுல கூப்பிடுத மாதிரி."

பத்ரோஸ் வள்ளத்தைத் திருப்பினார். ஒன்றரை மணி நேரமும் கரையைப் பார்த்தே ஓட்டினார். ஸ்ரீகுமார் இரண்டு தடவை வாயைத் திறந்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்லும்படியான பேச்சாக அது இல்லை. அலை தாண்டிக் கரையில் ஏறியதும் சொன்னார்: "பத்ரோஸே, நான் பறையேல்ல. அவன் இப்பிடிச் செய்வான்னு எனக்கு..."

"அவன எனக்கு அறியாது சாறே," என்றார் பத்ரோஸ். குரலில் கோபமே இல்லை. "அவன் ஆருன்னு எனக்கு இன்னும் அறியாது. சாற அறியும். நான் அவன வள்ளத்துல கேறச் சொன்னது சாறு சொன்னதுக்கு." பிறகு வாளியிலிருந்து போனை எடுத்து, ஈரத்தைத் தன் துண்டில் துடைத்துக் கையில் கொடுத்தார். "இனி வரண்டாம்."

ஸ்ரீகுமார் நேரே பாறசாலைக் கடைக்குப் போய்க் காத்திருந்தார். மூன்று மணிக்கு ஜெயசிங் வெயிலில் சிவந்த முகத்தோடு வந்தார்.

"ஏன்டே வராமப் போனிய?"

"வாட்ச்ல எடத்தக் குறிச்சியா?"

ஜெயசிங் குனிந்து ஷட்டர் பூட்டில் சாவியைப் போட்டார். "அது அதுக்க பாட்டுக்குக் குறிச்சுது."

"அழுத்துனத நான் பாத்தேன்."

"ஆமா, அழுத்துனேன். அதுக்கு என்ன இப்ப? சஜனுக்கு ஒரு பொழப்பு வேண்டாமா? நீ சர்வேக்காரன், நீயே சொல்லு. கடலுல எல்லக்கல்லு உண்டா? பத்ரோஸுக்கு அங்க பட்டா உண்டா?"

"நான் வாக்குக் கொடுத்திருந்தேன்."

"எனக்கு நீ என்ன கொடுத்தே?" ஜெயசிங்கின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "ரெண்டு வருஷம். மாசாமாசம் கேட்டேன். தண்ணிக்குள்ளன்னு சொல்லிச் சிரிச்சே. ஒனக்க அப்பாக்க மூத்திரப் பையப் பிடிச்சவன் நான். நேத்து வந்த முக்குவனுக்குக் கொடுத்த வாக்கு பெரிசு. நான் சாவக் கெடந்தப்பத்தான் ஒனக்கு என்ன ஞாபகம் வந்துது, இல்லியா?"

ஜெயசிங் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்தக் கொஞ்சம்தான் அதிகமாக அறுத்தது. இத்தனை நாள் ஒவ்வொரு மீனையும் வாங்கி அடுக்களைக்குக் கொடுக்கும்போது இவன் மனதில் இது இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்தபோதும் இருந்ததா? அதைக் கேட்க ஸ்ரீகுமாருக்குத் துணிவு வரவில்லை. கடையை விட்டு இறங்கிவிட்டார்.

அந்தப் பாரு ஓணம் வரை தாங்கவில்லை. நங்கூரங்கள் பாறையை உடைத்தன. அறுந்த வலைகள் மேலே போர்த்திக்கொண்டன. சஜன் கர்நாடகப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. பத்ரோஸ் வேறொருவரின் பெரிய போட்டில் ஏறி, ஒரு தடவை போனால் பத்து நாள் கழித்துத் திரும்பும் வேலைக்குப் போகத் தொடங்கினார். அடுத்த டிசம்பரில் ஜிஜாவுக்குக் கல்யாணம். ஜெயசிங்கும் மனைவி ரத்னபாயும் கார்டோடு செங்கலுக்கு வந்தார்கள். ஸ்ரீகுமார் வரவேற்றார், காபி கொடுக்கச் சொன்னார், மழையைப் பற்றிப் பேசினார். கல்யாணத்துக்கு ஆனந்தலட்சுமி மட்டும் போனாள். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்தது. அவர் தொடவில்லை, அவள் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஸ்ரீகுமாருக்கு ஒரு எண்ணம் வந்தது அந்த நாட்களில்தான். தொலைத்ததற்குப் பதில் ஒரு பாருவைக் கண்டுபிடித்துப் பத்ரோஸுக்குக் கொடுக்க வேண்டும். பூவாறில் சுந்தரதாஸ் என்ற பழைய பஸ் டிரைவரின் சின்ன ஃபைபர் வள்ளத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கடல் அடங்கிய காலைகளில் தனியாகப் போனார். ஆனந்தலட்சுமி அழுதாள், சண்டை போட்டாள், பிறகு லைஃப் ஜாக்கெட்டின் வார் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினாள். ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவார். மேலே வரும்போது மணல் ஒட்டியிருந்தால் கீழே மணல்; ஒன்றும் ஒட்டாமல் சோப்பு நசுங்கி வந்தால் பாறை. நிலம் அளக்கிற மாதிரியே வரிசை வரிசையாக, கட்டம் கட்டமாகப் போனார். இரண்டு குளிர்காலம் போனது. இந்தப் பிப்ரவரியில் ஒரு காலை, சோப்பு அடுத்தடுத்து ஆறு தடவை நசுங்கி வந்தது. தூண்டில் போட்டார். உள்ளங்கையளவு கலவாக் குஞ்சுகள். எல்லாவற்றையும் திரும்ப விட்டார். கரையைப் பார்த்து, எது எதற்கு நேராக வருகிறது என்று தாளில் வரைந்துகொண்டார்.

அந்தத் தாளோடு பொழியூருக்குப் போனார். பத்ரோஸ் கடலிலிருந்து வந்து நாலு நாள் வீட்டில் இருந்த சமயம். மனைவி பிரேமகுமாரி நாற்காலி எடுத்துப் போட்டாள். பத்ரோஸ் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணில் ஒரு மெச்சுதல் கூட வந்ததாக ஸ்ரீகுமார் சொல்கிறார்.

"சாறு தனியேயா கண்டுபிடிச்சிய?"

"ஆமா."

"இது எங்களுக்கு அறியும் சாறே. சின்ன மீனாக்கும். நாலு வருஷம் வளரட்டும்னு நாங்க கொஞ்சப் பேரு பறஞ்சு விட்டிருக்கு."

"நான் ஆருட்டயும் சொல்ல மாட்டேன் பத்ரோஸே."

"சொல்ல மாட்டிய. அறியும்." பத்ரோஸ் தாளை நாலாக மடித்துத் திரும்பக் கொடுத்தார். "அன்னும் சாறு சொல்லேல்ல."

பிரேமகுமாரி பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்தாள். இருவரும் குடித்தார்கள். டீசல் விலையைப் பற்றிப் பேசினார்கள். எழுந்தபோது பத்ரோஸ் கேட் வரைக்கும் கூட வந்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த முறை கடலுக்குப் போவதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்ரீகுமார் அன்று வீட்டுக்கு வந்ததும் தாளை அடுப்பில் போட்டார். சின்ன வள்ளத்தைச் சுந்தரதாஸிடமே விட்டுவிட்டார். ஜெயசிங் மேல் கோபமா என்று நான் ஒரு நாள் கேட்டேன். பஸ் அப்போது பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"கோபம்னா தீந்துரும்," என்றார். "போன வாரம் ஆனந்தலட்சுமிக்கு போன் கேடாயிட்டு. பாறசாலையில கொடுத்தா நன்னாக்கித் தருவான்னு சொன்னா. எனக்க கை போவேல்ல. வேற கடை தேடி நெய்யாற்றின்கரை முழுக்க நடந்தேன்."