வலிக்காத கையும் பூனைக்குட்டியின் பல்லும்

கொரியாவின் மாசான் துறைமுகத்துப் பின்தெருவில் இருக்கும் பெண்கள் குளியல் கூடத்தில் உடம்பு தேய்த்துவிட மால்சுனை விட்டால் ஆள் கிடையாது. இதை அவளே சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போகாதவள். மீன்பிடிக் கப்பலில் போன புருஷன் வேறொரு ஊரில் தங்கிவிட்டான். அதன்பிறகு பச்சை நிற முரட்டுத் துணிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஊர்ப் பெண்களின் முதுகையெல்லாம் தேய்த்தே மகளை நர்ஸ் ஆக்கினாள், மகனுக்கு லாரி வாங்கிக் கொடுத்தாள். வெந்நீரில் கிடந்து கிடந்து உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி காய்த்துவிட்டது. கொதிக்கிற கெட்டிலைத் துணியில்லாமல் தூக்குவாள். தூக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பாள்.

அந்தக் கையில்தான் நுருங்ஜி வந்து சேர்ந்தது. மழைக்காலத்தில் பாய்லர் அறையில் தனியாகக் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டி. தாயும் இல்லை, கூடப் பிறந்ததும் இல்லை. நுருங்ஜி என்றால் சட்டியடியில் தீய்ந்து ஒட்டிய சோறு; குட்டிக்கும் அதே நிறம், அதனால் அந்தப் பேர். மால்சுன் நெத்திலியை உப்புப் போக அலசி வேகவைத்து ஊட்டினாள். வேலை ஓய்ந்ததும் கையுறையோடு விரலை ஆட்டுவாள். குட்டி பாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, பின்னங்காலால் உதைத்துப் பல்லைப் பதிக்கும்.

"கடிடா, கடி! இந்தக் கையைக் கடிச்சா உன் பல்லுதான் போகும்!" என்று அவள் சிரிப்பாள். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு அவளோடு இப்படி உருண்டு புரள ஒருத்தரும் இருந்ததில்லை. வாயால் சொல்லமாட்டாள். ஆனால் காலையில் வேலைக்கு வரும் நடையே மாறிப்போயிருந்தது.

வினை மருந்துக்கடை குவாக் அம்மாவின் குதிகாலில் வந்தது. தேய்த்துக் குளித்து, உரித்த முட்டை மாதிரி வழுவழுவென்று உடை மாற்றும் கூடத்துக்கு வந்தவளின் காலில் நுருங்ஜி தொங்கியது. அவள் போட்ட கூச்சலில் வெந்நீர்த் தொட்டியில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

முதலாளியம்மா பியோ கறாராகச் சொல்லிவிட்டாள். "சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு ஊரே இங்க குளிக்க வரும். எல்லாரும் வெறுங்கால். அதுக்குள்ள இது கடிக்கிறத விடலன்னா எங்க தம்பியோட ஆப்பிள் தோட்டத்துக்கு அனுப்பிடுவேன். எலி இருக்கு, பொழச்சுக்கும்."

மால்சுன் குட்டியின் மூக்கில் சுண்டிப் பார்த்தாள். குட்டி அதையும் விளையாட்டென்று நினைத்து இன்னும் வெறியாகப் பாய்ந்தது. அதட்டினாள். காதை மடக்கிக்கொண்டு மறுபடி கடித்தது.

கூடத்தின் மூலையில் இனிப்பு அரிசிப் பானமும் சுட்ட முட்டையும் விற்கிற போங்னிம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பூனை வளர்க்கிறவள்.

"ஏக்கா, அது கடிக்கும்போது நீ என்ன பண்ற?"

"சிரிக்கிறேன்."

"வலிக்கலையா?"

"இந்தக் கைக்கா? என்னடி கேள்வி இது!"

"அங்கதான் கெட்டுப்போச்சு. கூடப் பொறந்தது இருந்திருந்தா, ஒரு கடி கடிச்சதும் வீல்னு கத்திட்டு ஆட்டத்த விட்டுப் போயிருக்கும். தன் பல்லு பட்டா அடுத்தவங்களுக்கு வலிக்கும்னு இதுக்கு யாரு சொன்னா? நீ சொன்னியா?"

மால்சுனுக்குச் சுருக்கென்றது. ஒருவரிடமும் பாடம் கேட்டுப் பழகாதவள் முட்டைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, என்ன பண்ணணும்? சொல்லு."

"முதல்ல கையுறையக் கழட்டு. இனிமே கை விளையாட்டுச் சாமான் இல்ல. குச்சில துணியக் கட்டி ஆட்டு, அதக் கடிக்கட்டும். கையில பல்லு பட்டா வெடுக்குனு இழுக்காத, இழுத்தா துரத்தும். அப்படியே அசையாம வச்சு, 'ஆ'ன்னு சொல்லு. விட்டதும் எழுந்து போயிடு. கொஞ்ச நேரம் மூஞ்சியே காட்டாத."

மற்றதெல்லாம் எளிது. அந்த 'ஆ'தான் வரவில்லை. பிரசவத்திலேயே வாய் திறக்காதவள் அவள். ஈரத்தில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோது, தேய்த்துக்கொண்டிருந்த முதுகை இன்னொரு கையால் முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதல் நாள் அவள் சொன்ன 'ஆ' அதட்டல் மாதிரி இருந்தது.

"யாரையாவது அடிக்கப் போறியாக்கா?" என்றாள் போங்னிம். துண்டு கட்டிய பெண்களெல்லாம் சுற்றி நின்று ஆளுக்கொரு 'ஆ' சொல்லிக் காட்டினார்கள். "புதுப் பொண்ணு மாதிரி சொல்லு மால்சுன்!" "எங்க மாமியார் மாதிரி சொல்லு, கோழிகூட ஓடிப்போகும்!" மால்சுன் காதுவரை சிவந்துபோனாள். ஆனாலும் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் நுருங்ஜி கத்தும்போது இந்தப் பக்கம் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பெண்களும் விட்டுக்கொடுக்கவில்லை. யார் காலில் பல் பட்டாலும் நின்ற இடத்திலேயே சிலையாக நின்று 'ஆ' என்றார்கள்.

சூசோக்குக்கு முந்தின நாள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நுருங்ஜி எப்படியோ பாய்லர் அறையிலிருந்து நழுவி வந்து, நேராகக் குவாக் அம்மாவின் கால் கட்டைவிரலைக் கவ்வியது. முதலாளியம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

குவாக் அம்மா அசையவில்லை. "ஆ," என்றாள், மெல்ல.

குட்டி வாயை எடுத்தது. அந்த விரலை ஒரு நக்கு நக்கியது. பிறகு குச்சியில் கட்டிய துணியைத் தேடிக்கொண்டு போய்விட்டது.

"அட, சொரசொரன்னு இருக்கு! மால்சுன் கையுறைய விட இதமா இருக்கே!" என்றாள் குவாக் அம்மா. கூடமே சிரித்தது. முதலாளியம்மாவும் சிரிப்பை அடக்கிப் பார்த்து முடியாமல், "இருந்துட்டுப் போகட்டும்," என்று கல்லாவுக்குத் திரும்பினாள்.

அன்று கடைசி ஆள் போனதும் மால்சுன் தேய்க்கிற மேடையைக் கழுவினாள். "போங்னிம், வந்து படு."

"எனக்கெதுக்குக்கா? களைச்சுப்போயிருப்ப."

"படுடின்னா! இத்தன வருஷமா இங்க முட்டை விக்கிற, உன் முதுகு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது." வெந்நீரை அள்ளி அவள் தோளில் ஊற்றினாள். "நீ வாயத் தொறக்கலன்னா அது இந்நேரம் தோட்டத்துல கிடக்கும். வீட்டுக்குப் போய் நான் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ரொம்ப நன்றிடி."

போங்னிம் தலையைத் திருப்பினாள். "அக்கா, நீயா பேசுற?"

"பேசாமப் படு. மாசான் பூராவும் தேடினாலும் பூனைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த கை இது ஒண்ணுதான்."

"பாடம் சொன்னது நான்!"

"அதுக்குத்தான் தேய்க்கிறேன்ல. திரும்பு, அடுத்த பக்கம்."