அக்கா கல்லும் ஒம்போது பெரிய மனுசங்களும்

அந்த பேப்பர்ல ஒம்போது பேரு இருந்தாங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இத்தகூட நான் சொல்லச் சொல்ல மருமகதான் எழுதுறா. சேலையூர்ல ஜெராக்ஸ் கடைல வேலை செய்யுறா அவ, எந்த கவர்மெண்டு பேப்பரா இருந்தாலும் பதறாம படிப்பா. பழைய கட்டடம், பழைய கல்லு, இதயெல்லாம் காப்பாத்துறதுக்கு யோசனை சொல்ற குழுவாம் அது. "பேரு வாணாம்மா. ஒவ்வொருத்தரும் இன்னா வேலை செஞ்சவங்க, அத்த மட்டும் படி"ன்னேன்.

ஏன் வேலையக் கேட்டேன்னா, அதுக்கு மொதல்ல கல்லப் பத்தி சொல்லணும்.

கேம்ப் ரோட்டுலேர்ந்து எங்க தெருவுக்குத் திரும்புற முனைல ஒரு சுமைதாங்கிக் கல்லு கீது. ரெண்டு கல்லு நட்டு, மேல ஒரு கல்ல படுக்க வெச்சிருக்கும், அவ்ளோதான். ஆளு மார் ஒசரம். தலைல மூட்டையோட வர்றவனுக்கு எறக்க ஒரு ஆளு வேணும், மறுபடி ஏத்திவுட ஒரு ஆளு வேணும். இந்தக் கல்லு இருந்தா யாரும் வாணாம். அப்பிடியே அதும்மேல தள்ளிட்டு, மூச்சு வாங்கிட்டு, திரும்ப தலையக் குடுத்து எடுத்துக்கினு போய்க்கினே இருக்கலாம்.

வயித்துல புள்ளையோட செத்துப்போற பொம்பளைக்கு அந்தக் கல்லு வெப்பாங்க. செமைய எறக்காமயே போயிட்டாளே, வழில போறவன் எவனாவது அவ கல்லுல தன் செமைய எறக்கினான்னா அவளோடதும் கொஞ்சம் எறங்கும்னு ஒரு நெனப்பு. எங்க அக்காவுக்கு எங்கப்பா வெச்ச கல்லு அது. ஏழு மாசம் அவளுக்கு. கீரக்கட்டு கூடைய தூக்கினு தாம்பரம் மார்க்கெட்டுக்கு தெனம் போய்க்கினு இருந்தவ, ஒரு நாள் போவல. எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும். அவ மொகம் எனக்கு செரியா வரமாட்டேங்குது இப்போ. கூடைக்கு அடில தலைல வெக்கிற சும்மாடு மட்டும் நல்லா ஞாபகம் கீது. பச்ச பார்டர் போட்ட பழம்பொடவைய கிழிச்சி சுருட்டினது. எப்பவும் ஈரமா, அரக்கீர வாசன அடிச்சிக்கினு இருக்கும்.

அப்பால நானும் மூட்ட தூக்கத்தான் போனேன். அதே மார்க்கெட்டு, முப்பது வருசத்துக்கு மேல. வெங்காய மூட்ட தலைல லேசா நகந்து குடுக்கும், அனுசரிச்சி வரும். சக்கர மூட்ட அப்பிடி இல்ல, குந்தின எடத்த வுட்டு அசையாது, கழுத்து நரம்ப புடிச்சிக்கும். இதெல்லாம் இப்ப எதுக்குன்னு மருமக எழுதாம நிக்கிறா. எழுதும்மா, வர்றேன்.

போன வருசம் மழத்தண்ணி கால்வா போடுறோம்னு ரோட்ட அளந்தாங்க. அளந்தவங்க அக்கா கல்லு மேல மஞ்ச பெயிண்டுல ஒரு நம்பரு போட்டுட்டுப் போனாங்க. நம்பரு போட்டா அது போய்டும்னு அர்த்தம். ஏற்கெனவே ரெண்டு புளியமரம் அப்பிடித்தான் போச்சி. எனக்கு சோறு எறங்கல. பக்கத்து தெருவுல ரிட்டையரு ஆன வாத்தியாரு ஒருத்தரு கீறாரு, சர்ச்சுக்கு போறவரு, நல்ல மனுசன். அவருதான் சொன்னாரு, இதுக்குன்னு ஒரு குழு இருக்கு, மனு போடுங்க, அவங்க பட்டியல்ல சேத்துட்டா யாரும் கை வெக்க முடியாதுன்னு. அவரே எழுதிக் குடுத்தாரு. நான் கைநாட்டு வெச்சேன். ரெண்டு மாசம் கழிச்சி, நேர்ல வந்து பாக்குறோம்னு பதிலு வந்துது. அதோட இந்த ஒம்போது பேரு பேப்பரும், போட்டோவோட.

மருமக படிச்சா.

"மொத ஆளு தலைவர். ரிட்டையர்டு பெரிய ஆபீசர். மீன் டிபார்ட்மெண்ட், கரண்ட் டிபார்ட்மெண்ட், கடைசியா கதர்."

"செரி."

"ரெண்டாவது, அபார்ட்மெண்ட் கட்டுறவரு."

"பெருங்களத்தூர்ல ஏரிக்கர ஓரமா கட்டினானே, மழ பெஞ்சா கீழ் வூட்டுல கட்டிலு மெதக்குதே, அந்த ஆளா?"

"அது போடல மாமா. மூணாவது காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் குடுத்த புரொபசர். நாலாவது தோல் டாக்டரு, பழைய ஊஞ்சல், பித்தளை சாமானெல்லாம் சேத்து வெச்சிருக்காராம். அஞ்சாவது ஓட்டலுக்கெல்லாம் பிளான் போடுற அம்மா. ஆறு ஆடிட்டர், ஏழு ரிட்டையர்டு போலீஸ். எட்டு நகைக்கடை. ஒம்போது, டூரிஸ்ட் பஸ்ஸு வுடுறவரு."

"ஒரு கொத்தனாரு? கல்லு ஒடைக்கிறவன்?"

"இல்ல மாமா. நகைக்கடைக்காரரு கீறாரு, அவரும் கல்லுதானே பாக்குறாரு."

"சிரிக்காத. இதுல ஒருத்தராவது தலைல எத்தயாச்சும் தூக்கினவங்களா?"

அவ போட்டோவ ஒருதபா மேலேர்ந்து கீழ பாத்தா. "போலீஸ்காரரு தலைல தொப்பி கீது மாமா."

எனக்கு அப்பவே நம்பிக்க போச்சி. ஆனா இன்னா பண்றது, அவங்க கையிலதான கீது. வரட்டும்னு இருந்தேன். ஆடி மாசம் பூசின மஞ்சளு கல்லுல அப்பிடியே இருந்துது. வெள்ளிக்கெழம ஒரு முழம் பூவும் வாங்கி சாத்தி வெச்சேன்.

காலைல பத்து மணிக்கு ஏசி வேன்ல வந்தாங்க. ஒம்போது பேர்ல அஞ்சு பேருதான் எறங்கினாங்க, மிச்சம் பேரு கண்ணாடி வழியா பாத்துக்கினு இருந்தாங்க, வெயிலு. டாக்டரு கல்ல தடவிப் பாத்தாரு. தடவிட்டு, சட்டப் பையிலேர்ந்து ஒரு சின்ன பாட்டில எடுத்து கைய தொடச்சிக்கினாரு. எங்க அக்கா கல்ல தொட்டுட்டு. டிரைவரு பேப்பரு கப்புல காபி ஊத்தி கல்லு மேல வரிசையா வெச்சான். அன்னிக்கி அந்தக் கல்லுல எறங்கின செம அதான்.

புரொபசரு காரு சாவிய எடுத்தாரு. எடுத்து மஞ்சள சொரண்ட ஆரம்பிச்சாரு.

"ஐயா, அது மஞ்சளு"ன்னேன்.

"தெரியும் பெரியவரே. இது பிற்கால லேயர். அடியில ஒரிஜினல் இருக்கும்."

பொடிப் பொடியா கீழ வுழுந்துது. ஓட்டல் பிளான் போடுற அம்மா டேப்ப வெச்சி அளந்து, அளவு ரொம்ப அழகா வருதுன்னாங்க. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் இங்கிலீஷ்ல பேசிக்கினாங்க. அப்புறம் புரொபசரு எனக்கும் வெளங்கட்டும்னு தமிழ்ல சொன்னாரு. இது ஒரு தோரண வாசலாம். அந்தக் காலத்துல திருநீர்மல பெருமாளு இந்தப் பக்கம் ஊர்வலம் வந்தப்போ இதுக்குள்ளதான் பூந்து போயிருப்பாராம். நானூறு வருசம் இருக்குமாம்.

எனக்கு சிரிப்பு வர்ல. மார் ஒசரம் இருக்குற கல்லுக்கு நடுவுல பெருமாளு பூந்து போவணும்னா தவழ்ந்துதான் போவணும். அவங்கள்ள யாருக்கும் அது தோணல. தலைல செமையோட ஒருதபா நடந்திருந்தா, அந்த ஒசரம் எதுக்குன்னு கழுத்தே சொல்லியிருக்கும்.

"சாமி வாசலு இல்ல சார்"ன்னேன். "எங்க அக்கா கல்லு. வாயும் வயிறுமா செத்துட்டா. எங்கப்பா வெச்சாரு. நான் கூட நின்னு பாத்தேன்."

தலைவரு என்னை மொத தபா நேரா பாத்தாரு. "நீங்க பாத்தீங்களா? அப்ப எத்தன வருஷம் இருக்கும்?"

"அறுவது இருக்கும் சார். ஒண்ணு ரெண்டு கூட."

அபார்ட்மெண்ட்காரரு காபி கப்ப நசுக்கி ரோட்டுல போட்டுட்டு சொன்னாரு, "அறுவது வருஷம்னா அது பாரம்பரியம் இல்ல சார், பழைய சாமான்." மத்தவங்க சிரிச்சாங்க.

டாக்டரு என்னை ஓரமா கூட்டினு போனாரு. நல்ல மாதிரியாத்தான் பேசினாரு. "பெரியவரே, நாங்க எல்லாம் ஒரே நாள்ல நாலு இடம் பாக்கணும். புரொபசர் நானூறுன்னு எழுதட்டும். நீங்க சும்மா இருந்தாலே கல்லு பொழச்சிடும். அறுவதுன்னா எங்க லிஸ்ட்லயே வராது. அடுத்த வாரம் ஜேசிபி வரும். உங்களுக்கு எது வேணும்?"

திரும்பி வந்தோம். தலைவரு பைலத் தொறந்து வெச்சிக்கினு கேட்டாரு. "நல்லா யோசிச்சி சொல்லுங்க. உங்க அப்பா புதுசா வெச்சாரா, இல்ல ஏற்கெனவே இங்க இருந்ததுக்கு உங்க அப்பா மஞ்சள் பூசினாரா?"

அந்த மஞ்ச நம்பர பாத்தேன். வேன்ல இருந்தவங்களையும் பாத்தேன். "ஏற்கெனவே இருந்துதுதான் சார்"ன்னேன்.

மூட்ட தூக்கி, வாங்காத பேச்சில்ல, திங்காத அடியில்ல. ஆனா என் வாயே எனக்கு அசிங்கமா பட்டது அன்னிக்கித்தான். வூட்டுக்கு வந்து ரெண்டு தபா வாய கொப்புளிச்சேன்.

கல்லு பொழச்சிடுச்சி. அடுத்த மாசம் வெல்டிங் ஆளுங்க வந்தாங்க. கல்ல சுத்தி ஆளு ஒசரத்துக்கு இரும்பு கிரில்லு. நீல கலர்ல ஒரு போர்டு. அதுல தோரண வாசல்னும், நானூறு வருசம்னும், தொடாதீங்கன்னும் போட்டிருக்குதுன்னு மருமக படிச்சா. கிரில்லுக்கு பூட்டு. சாவி சிட்டில அவங்க ஆபீசுல. அடுத்த ஆடி வந்துது. மஞ்சளு கரச்சி எடுத்துக்கினு போயி, கம்பிக்குள்ள கைய வுட்டுப் பாத்தேன், வெரலு கூட எட்டல. கலீஜா ரெண்டு சிப்ஸ் பாக்கெட்டும் ஒரு மாஸ்க்கும் உள்ள கெடக்குது. அத்தக்கூட எடுக்க முடியல.

அதுக்கும் மேல ஒண்ணு. இந்தக் காலத்துல யாரு தலைல செம தூக்குறாங்கன்னு நீங்க நெனப்பீங்க. எங்க தெருவுல பாதி வூடு லிஃப்ட் இல்லாத மூணு மாடி. தண்ணி கேன் போடுற தம்பி முனைல வண்டிய நிறுத்திட்டு, தோளுக்கு ஒண்ணா தூக்கினு வருவான். அக்கா கல்லுல வெச்சிட்டுதான் மூச்சு வாங்குவான். பூக்காரம்மா கூடைய அதுலதான் வெப்பா. சிமெண்டு மூட்ட தூக்குற வடக்கத்தி பசங்களுக்கும் அது எதுக்குன்னு யாரும் சொல்லித் தரல, பாத்த ஒடனே வெச்சாங்க. நான் எதிர்ல டீக்கடைல குந்திக்கினு அத்த பாத்துக்கினு இருப்பேன். ஒவ்வொரு தபா கேனு எறங்கும்போதும் எனக்கு மூச்சு லேசாவும்.

கிரில்லு போட்டதுலேர்ந்து அந்தத் தம்பி கேன தரைலதான் வெப்பான். அந்த ஆடில ஒரு நாளு, திரும்ப குனிஞ்சி தூக்கும்போது இடுப்ப புடிச்சிக்கினான்.

"எவன் தாத்தா இத்த கூண்டுல போட்டது?"

"நான்தாம்ப்பா."

"வெளாடாத தாத்தா."

மறுநாளு மருமகள லீவு போட வெச்சி, டிரெயின் புடிச்சி அந்த ஆபீசுக்கு போனோம். மூணு மணி நேரம் பெஞ்சுல குந்த வெச்சாங்க. செவுத்துல அந்த ஒம்போது பேரு போட்டோ, பெருசா பிரேம் போட்டு. அப்பால தலைவரு கூப்புட்டாரு, கடுதாசிய நீட்டினேன். அக்காவுக்கு எங்கப்பா வெச்ச கல்லு, அறுவது வருசம்தான், அன்னிக்கி நான் சொன்னது பொய்யின்னு மருமக எழுதியிருந்தா. கீழ என் கைநாட்டு.

அவரு ரெண்டு தபா படிச்சாரு. "இத நான் வாங்கிக்கிட்டா லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவோம். கிரில்லயும் கழட்டிடுவோம். அப்புறம் ரோட்டுக்காரங்க வந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. புரியுதா உங்களுக்கு?"

"புரியுது சார்."

"பத்திரமா நிக்குது. அது போதாதா உங்களுக்கு?"

"நின்னா போதாது சார். அதுல எறக்கணும்."

"எத?"

சொன்னா புரியாதுன்னு மருமக என் கைய அமுக்கினா. நானும் வுட்டுட்டேன். அவருக்கு பக்கத்துல ஆடிட்டர் குந்தினு இருந்தாரு, கிரில்லு செலவ எந்தக் கணக்குல காட்டுறதுன்னு அதுக்குள்ள கேக்க ஆரம்பிச்சிட்டாரு. கடுதாசிய வாங்கி சீல் குத்தினாங்க. அந்த சத்தம் மட்டும் நல்லா இருந்துது.

திரும்பி வரும்போது டிரெயின்ல மருமக கேட்டா, "நாளைக்கே கல்ல பேத்துட்டா இன்னா மாமா பண்ணுவீங்க?" பல்லாவரம் தாண்டிச்சி. "அவங்க எழுதின பொய்க்குள்ள அவள பூட்டி வெக்கறதுக்கு, இது பரவால்லம்மா"ன்னு அப்பால சொன்னேன்.

கிரில்ல கழட்டினு போனாங்க, போர்டும் போச்சி. மொத வேலையா அந்த மாஸ்க்க குச்சியால எடுத்து தூரப் போட்டேன். தண்ணி ஊத்தி கழுவி, மஞ்சளு பூசினேன். காரு சாவியால சொரண்டின கோடு மஞ்சளுக்கு அடியிலயும் தெரியுது. ரோட்டுக்காரங்க போட்ட நம்பரும் அழியல.

ஜேசிபி ரெண்டு தெரு தள்ளி வேலை செஞ்சிக்கினு கீது. சத்தம் இங்க கேக்குது. இன்னிக்கி காலைல டீக்கடைல குந்தினு இருந்தேன். கேன் தம்பி வந்தான், பாத்தான். ரெண்டு கேனையும் அக்கா மேல எறக்கி வெச்சிட்டு, தோள உருட்டிக்கினே எங்கிட்ட வந்து ஒரு டீ சொன்னான். நானும் கூட குடிச்சா மெதுவா குடிப்பான், அதுவரைக்கும் கேனு அக்கா மேலயே இருக்கும்னு, எனக்கும் இன்னொரு டீ சொன்னேன்.