ஒரே கட்டுரை, ரெண்டு பேர்

என் தங்கை மகள் கடல் தாண்டி இங்கே மேல்படிப்புக்கு வந்து, எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறாள். நான் பேக்கரி வேன் ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டாச்சு. அவள் படிப்பைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. அவளைப் பற்றிப் பேசலாம்.

வந்தபோது வாயாடி. கொஞ்ச நாளிலேயே தட்டில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். வகுப்பில் பாதி புரிவதற்குள் மீதி ஓடிவிடுகிறதாம். எழுந்து கேட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களாம். சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை என்று என் மனைவி அவளுக்குச் 'சாமியார்' என்று பேர் வைத்தாள்.

அவளுக்கு இருந்தது ஒரே சிநேகிதி. வேறு நாட்டுப் பெண், வேறு பாஷை. ரெண்டு பேரும் அரைகுறை இங்கிலீஷில் பேசிக்கொண்டு நூலகமே கதி என்று கிடப்பார்கள். கட்டுரை கொடுக்க வேண்டிய வாரம் அந்தப் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். இவள் தன் கட்டுரையையே அனுப்பி வைத்தாள். நாங்கள் படித்த பள்ளிக்கூடங்களில் நோட்டைக் கொடுக்காதவள்தான் கெட்டவள். அந்தப் பெண் நாலு வார்த்தை மாற்றி அதையே கொடுத்தாள். ரெண்டும் ஒன்றுதான் என்று காலேஜ் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது.

ரெண்டு பேரையும் காலேஜில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். படிப்பு போனால் விசாவும் போகும்.

"உனக்குத் தெரியாம எடுத்துக்கிட்டாள்னு சொல்லிடு" என்றேன்.

"அப்போ அவ திருடி ஆயிடுவாளே மாமா."

"நீ மூட்டை கட்டணுமே."

"கட்டிக்கிறேன்."

வேனிலேயே கொண்டுபோய் விட்டு, வராந்தாவில் காத்திருந்தேன். அந்தப் பெண்தான் முதலில் போனாள். இவள் போய் வெகுநேரம் கழித்து, வெளுத்த முகத்தோடு வந்தாள்.

உள்ளே நடந்ததை அப்புறம்தான் சொன்னாள். முன்னால் போனவள், நான்தான் கேட்காமல் எடுத்தேன் என்று சொல்லிவிட்டாளாம். இது சரிதானா என்று மட்டும் இவளைக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பாள். இல்லை, கொடுத்தது நான்தான் என்றிருக்கிறாள்.

யாரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. ரெண்டு பேருக்கும் அந்தப் பாடத்தில் பூஜ்யம். அதை அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். திரும்பும்போது ரெண்டும் என் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தன.

அன்றைக்கே தங்கைக்கு ஃபோன் போட்டேன். படிப்பு முடிய ஒரு வருஷம் கூடும் என்றேன். பதறிப்போய், ஏன் அண்ணே என்றாள்.

"நீ வளர்த்த லட்சணம்" என்றேன்.