உயர்திணைக் குட்டி

செலோடேப்பைக் கிழித்து, பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி விரல்களில் சுற்றிக்கொண்டு, பள்ளிச் சீருடையில் ஒட்டிய முடிகளை ஒற்றி எடுக்கிறாள். வெள்ளை பூனையுடையது, பழுப்பு கிழட்டு நாயுடையது. கறுப்பு யாருடையது என்று அவளுக்கே தெரியாது. அவள் திட்டுவது என்னவோ எல்லோரையும் சேர்த்துத்தான்.

வயது பதினான்கு. வீட்டில் நாய்கள், பூனைகள், முயல்கள், சிறகொடிந்த கிளி ஒன்று. தெருவில் எது நொண்டினாலும் அப்பா தூக்கி வந்துவிடுவார். அம்மா பேருக்கு முணுமுணுத்துவிட்டுச் சோறு வைத்துவிடுவாள். மகளுக்கென்று வாங்கிய மேசைமேல் முயல் கூண்டு. கட்டிலில் கால்மாட்டுப் பாதி கிழட்டு நாய்க்குப் பாத்தியம். கேட்டால், "பாவம்டி, வாயில்லா ஜீவன்" என்பாள் அம்மா. வாய் இருந்ததுதான் இவள் செய்த குற்றம்.

அதையும் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது கூப்பிடும் பெயர்தான். பள்ளியில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டினால் அது செல்லாது. இவளும் குட்டி, நாயும் குட்டி, பூனையும் குட்டி. "குட்டி, சாப்பிட வா" என்று குரல் கேட்டதும் அத்தனையும் பாய்ந்தோடும். இவள் போய்ச் சேரும்போது அம்மாவைச் சுற்றி ஒரே வால்மயம். இலக்கணத்தில் உயர்திணை என்று ஒன்று இருப்பதை இந்த வீட்டுக்கு யார் எடுத்துச் சொல்வது?

போன வாரம் காய்ச்சலில் படுத்தாள். அம்மா பதறிப்போய் போனை எடுத்தாள். அம்மாவின் போனில் 'டாக்டர்' என்று இருப்பவர் ஒருவர்தான். அவர் கால்நடை மருத்துவர். பழக்கதோஷம், விரல் அங்கேயே போனது.

"டாக்டர், குட்டி காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. சுருண்டு படுத்தே கெடக்கு."

அவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அம்மா கையை நீட்டி, நாய்க்குப் பார்ப்பதுபோல மகளின் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சு போயிருக்கு டாக்டர்."

மகள் எழுந்து உட்கார்ந்து போனைப் பிடுங்கினாள். "டாக்டர், இது மனுஷக் குட்டி. எங்கம்மா பெத்த குட்டி." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

அம்மா கால்மாட்டில் கிடந்த கிழட்டு நாயை இரண்டு கையாலும் தூக்கி வெளியே விட்டாள். கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, மகளின் நெற்றியில் கை வைத்து உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் வெளியே பிறாண்டல் தொடங்கியது. அப்புறம் முனகல். அம்மாவின் பார்வை கதவுப் பக்கம் போனது. மகள் நெற்றியிலிருந்த அந்தக் கையை எடுத்து, தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.