வாசலில் வைத்துச் செல்லவும்

தண்ணீர்க்காரரின் வாழ்க்கையில் பெரும்பகுதி மாடிப்படிகளில் கழிந்தது. இருபது லிட்டர் கேனை வலது தோளில் ஏற்றிக்கொள்வார். இடது கை கைப்பிடிச் சுவரில் இருக்கும். வீட்டுக்குள் போய்க் காலி கேனை எடுத்துவிட்டு, புதியதன் வாயைத் துடைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் கவிழ்ப்பார். அதற்குள் இரண்டு வார்த்தை பேசுவார். மனைவி போன பிறகு அவருடைய ஒரு நாள் பேச்சு என்பது அந்த இரண்டிரண்டு வார்த்தைகளைக் கூட்டினால் வருவதுதான்.

மகளுக்கு வேறு ஊரில் மென்பொருள் வேலை. அவள்தான் அவருக்குச் செயலி செய்து கொடுத்தாள். ஒரு பெரிய பட்டன்: தண்ணீர் வேண்டும். கேன் தீரப்போகும் நாளைக் கணக்கிட்டு, அதற்கு முந்தின நாளே வாடிக்கையாளருக்கு நினைவூட்டும். மூன்று வாரம் ஆர்டர் வராவிட்டால் ஒரு சலுகையை அனுப்பி இழுத்துப் பார்க்கும். ஒன்றரை வருடத்தில் எழுபது வீடுகள் நானூற்றுப் பன்னிரண்டாயின. வேன் வந்தது, இரண்டு ஆட்கள் வந்தார்கள். பழைய தெருக்களை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் முதல், ஆர்டர்களின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி வர ஆரம்பித்தது: வாசலில் வைத்துச் செல்லவும். கேனை வைத்து, மணியடித்து, போட்டோ எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. ஜனங்களுக்கு என்ன அவசரமோ என்று அவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். மூன்றாம் மாடிக் கணக்கு டீச்சரின் ஆர்டரிலும் அதே வரியைப் பார்த்தபோதுதான் சுருக்கென்றது. ஓய்வுபெற்று, முட்டி வலியோடு தனியாக இருப்பவர். “நாப்பத்தெட்டு படி ஏறியிருக்கீங்க, நாலு நிமிஷமாவது உக்காருங்க” என்பார். “உங்க வீட்டுக்குத் தண்ணி கொண்டு வரவே எனக்கு ஒரு கேன் வேணும் டீச்சர்” என்பார் இவர்.

நான்கு முறை கேனை வாசலில் வைத்துவிட்டு இறங்கினார். அதன் பிறகு ஆர்டரே வரவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னவரைத் தொலைபேசியில் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. ஐந்தாவது வாரம் செயலியைத் திறந்து ஒற்றை விரலால் தட்டினார்: “டீச்சர், முட்டி வலி தேவலையா? ஆளையே காணோமே.”

யாருக்கு என்ற இடத்தை அவர் தொடவில்லை. தொடாவிட்டால் எல்லோருக்கும் போகும். ஊருக்கே தமுக்கடித்த கதையானது.

“நான் டீச்சர் இல்லண்ணே. ஆனா முட்டி வலிக்குது, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றது ஒரு பதில். “எங்க ஜிம்ல எல்லாருக்குமே வலிதான்” என்றது இன்னொன்று.

மகள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். “அப்பா! நான் மண்டைய உடைச்சுக்கிட்டு எழுதின சலுகைய நாப்பது பேர்கூடத் தொறக்கல. இத முந்நூறு பேர் படிச்சிருக்காங்க!”

“டீச்சர் படிச்சாங்களாம்மா?”

விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

“இல்லப்பா.”

மறுநாள் காலை வெறுங்கையோடு மூன்று மாடி ஏறினார். மணியடித்து வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அடடே, பெரிய மனுஷருக்கு வழி தெரிஞ்சுதா?”

“நீங்கதானே டீச்சர் வாசல்லயே வைக்கச் சொன்னீங்க.”

“நானா? எப்போ?”

அவர் போனைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். டீச்சர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“நான் அந்தப் பெரிய பட்டன அமுக்குறதோட சரி. இத யாரு பார்த்தா? இந்த முட்டிய வச்சுக்கிட்டு கேன உள்ள இழுக்க முடியல. வாசல்லயே சாய்ச்சுச் சாய்ச்சு செம்பு செம்பாப் பிடிச்சேன். சரி, வியாபாரம் பெருசாயிடுச்சு, இனிமே உள்ள வரமாட்டார்னு விட்டுட்டேன். இப்போ குழாய்த் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கிறேன்.”

“மெசேஜ் போட்டேனே?”

“பத்து பர்சென்ட், அஞ்சு பர்சென்ட்னு டிங் டிங்னு உயிர வாங்குது. பக்கத்து வீட்டுப் பொண்ணக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிட்டேன்.”

அவர் இறங்கிப் போய்க் கேனோடு ஏறி வந்தார். கவிழ்த்து வைத்தார். நாலு நிமிஷம் உட்கார்ந்தார். திரும்பும் வழியில், படியிலேயே நின்று மகளைக் கூப்பிட்டார்.

“அம்மாடி, வாசல்ல வைங்கன்னு இருக்கே, அது அவங்க போட்டதா, நீ போட்டதா?”

“நாந்தாம்பா. அவங்க எதையும் தொடலன்னா அதான் வரும். ஒரு வீட்டுக்கு நாலு நிமிஷம் மிச்சம். உங்க தோளுக்கும் நல்லதுன்னுதான்…”

“மிச்சம் பிடிச்ச நேரத்த வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ணப் போறேன்?”



மாற்றுவதற்கு ஒரே ஒரு வரிதான். அன்று மாலையே மகள் அதை மாற்றினாள். யாரும் எதையும் தொடாவிட்டால் இனிமேல் கேன் வீட்டுக்குள் வரும். ஒரு மாதத்துக்குள் முந்நூற்று எண்பத்தொரு வீடுகள் வாசலே போதும் என்று தாங்களே மாற்றிக்கொண்டன. மிச்சம் முப்பத்தொன்று. விரும்பித்தான் அப்படியே விட்டார்களா, கவனிக்காமல் விட்டார்களா என்று தரவு சொல்லாது. கேட்டுப் பார்க்கட்டுமா என்றாள் மகள்.

“கேக்காதம்மா.”

அதன் பிறகு அவருக்குப் பதினோரு மாத ஆயுள் இருந்தது. அந்த முப்பத்தொரு வீடுகளுக்கும் கடைசிவரை அவரே போனார். சில கதவுகள் திறக்க நேரமாகும். கேனைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றிருப்பார்.